பண்டிகை நாட்களில் தம்மை மறப்பவர்களுக்கு

ஐப்பசி பிறந்துவிட்டால் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில் வேலை இரட்டிப்பாகிவிடுகிறது. தீபாவளி, கார்த்திகை தீபம், கிறிஸ்துமஸ், ஆங்கிலப் புத்தாண்டு, பொங்கல், காணும் பொங்கல் என மூன்று மாதங்களுக்குள் பண்டிகைகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. இவையே வடகிழக்குப் பருவமழையின் மாதங்களும் ஆகும். கடலுக்குச் செல்ல முடியாத நாட்கள் மிகுதி, வருமானம் குறைவு, செலவோ கூடுதல். மழையில் துணி உலராது; கருவாடும் உலராது. ஆயினும் வீட்டில் பலகாரம் ஆகவேண்டும், உறவினருக்கு விருந்து வைக்கவேண்டும், பிள்ளைகளுக்குப் புத்தாடை எடுக்கவேண்டும்.

இந்தச் சுமையைப் பெரும்பாலும் ஒருவரே தாங்குகிறார். கோட்டைக்குப்பத்திலோ லைட்ஹவுஸ் குப்பத்திலோ கூனங்குப்பத்திலோ உள்ள ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். அவ்வீட்டுத் தாய்க்கு வயது ஐம்பத்தைந்து. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் உண்டு. மாமியார் பக்கவாதத்தால் படுக்கையில் இருக்கிறார். மகளுக்கு இது தலைதீபாவளி. விடியற்காலை மீன் ஏலத்துக்குப் போய்வந்து, மாமியாருக்கு மாத்திரை கொடுத்து, மருமகனுக்குச் சமைத்து, இரவு பதினொரு மணிக்கு அதிரசம் சுட்டு முடிக்கிறார். அன்று அந்த வீட்டில் மாத்திரை சாப்பிடாதவர் அவர் ஒருவரே.

நோயாளியைக் கவனிப்பவரும் பல வேளைகளில் ஒரு நோயாளியாக இருக்கிறார் என்பதை நாங்கள் அன்றாடம் காண்கிறோம். பண்டிகைக் காலத்தில் முதலில் விட்டுப்போவது அவருடைய மருந்தும் உறக்கமும்தான். ஆகவே இக்கட்டுரையைப் பிறரைக் கவனித்துக்கொள்வோருக்காகவே முதன்மையாக எழுதுகிறோம். நோயாளிகளும் தங்களுக்கு வேண்டியதை இதில் காண்பார்கள்.

பண்டிகை நாள் உடலுக்கு என்ன செய்கிறது?

பண்டிகைக்கும் மாரடைப்புக்கும் தொடர்பு உண்டா என்பதைச் சுவீடன் நாட்டு மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். 1998 முதல் 2013 வரை அந்நாட்டில் மாரடைப்புக்குச் சிகிச்சை பெற்ற ஏறத்தாழ 2,80,000 பேரின் பதிவுகளை அவர்கள் பார்த்தார்கள். 2018-ல் வெளியான அவ்வாய்வின்படி, டிசம்பர் 24 அன்று, அதாவது கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளில், மாரடைப்பு ஏற்படும் வாய்ப்பு மற்ற நாட்களைவிட 37 விழுக்காடு கூடியிருந்தது. அன்றிரவு பத்து மணி அளவில் அது உச்சத்தை எட்டியது. 75 வயதைக் கடந்தவர்களுக்கும், ஏற்கெனவே சர்க்கரை நோயோ இதய நோயோ உள்ளவர்களுக்கும் இந்த உயர்வு மிகுதியாகக் காணப்பட்டது. ஈஸ்டர் விடுமுறையில் இத்தகைய உயர்வு இல்லை. எனவே விடுமுறை என்பதாலேயே ஆபத்து வருவதில்லை. ஆண்டின் மிகப் பெரிய பண்டிகைக்குரிய பரபரப்பு, மனநெகிழ்ச்சி, கனத்த உணவு, உறக்கக் குறைவு ஆகியவை சேர்வதே காரணமாகலாம் என்று ஆய்வாளர்கள் கருதினர்.

அமெரிக்காவில் 2004-ல் வெளியான மற்றோர் ஆய்வும் கிறிஸ்துமஸ், புத்தாண்டு நாட்களில் இதய நோய் இறப்புகள் கூடுவதைக் காட்டியது. ‘பண்டிகை முடியட்டும், பிறகு மருத்துவரிடம் போகலாம்’ என்று மக்கள் தள்ளிப்போடுவது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று அவ்வாய்வு சுட்டியது. இந்த வாக்கியம் நம் ஊரிலும் அன்றாடம் காதில் விழுவதுதான். பண்டிகை நாளில் மருத்துவமனைக்குப் போவது அபசகுனம் என்ற எண்ணமும் சில வீடுகளில் உண்டு. உரிய நேரத்தில் கிடைக்கும் சிகிச்சையைவிட நல்ல சகுனம் வேறில்லை.

மருந்தை முதலில் எடுத்து வையுங்கள்

பொன்னேரிக்கும் பழவேற்காட்டுக்கும் இடையே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவு. மழைக்காலத்தில் இந்தத் தொலைவு நீண்டுவிடுகிறது. 2016 டிசம்பர் 12 அன்று கரைகடந்த வர்தா புயலையும், 2023 டிசம்பர் தொடக்கத்தில் பெருமழை கொட்டிய மிக்ஜாம் புயலையும் நம் பகுதி மறந்திருக்காது. சாலையில் நீர் நிற்கும்போதோ மின்சாரம் இல்லாதபோதோ மாத்திரை வாங்கப் பொன்னேரிக்கு வர இயலாது. ஆகையால் ஐப்பசி முதல் தை வரை, கையில் உள்ள மருந்து தீர்வதற்குப் பத்து நாட்கள் முன்னதாகவே அடுத்த மாத மருந்தைப் பெற்றுக்கொள்ளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ் இரத்த அழுத்த, சர்க்கரை நோய் மாத்திரைகள் வீட்டுக்கே கொண்டுவந்து தரப்படுகின்றன. உங்கள் பெயர் அதில் பதிவாகியிருக்கிறதா என்று அருகிலுள்ள சுகாதார நிலையத்தில் கேட்டு அறியுங்கள். மருந்துச் சீட்டையும் மாத்திரைகளையும் ஈரம் புகாத பிளாஸ்டிக் உறையில் இட்டு, அவசரத்தில் உடனே எடுக்கத்தக்க இடத்தில் வையுங்கள்.

மருந்து கையில் இருந்தும் நேரம் தவறுவது அடுத்த சிக்கல். தீபாவளியன்று விடியுமுன் எண்ணெய்க் குளியல் முடித்து, படையல் இட்ட பிறகே உணவு என்பது பல வீடுகளின் வழக்கம். வழக்கமான நேரத்தில் சர்க்கரை மாத்திரையை விழுங்கிவிட்டோ இன்சுலின் போட்டுக்கொண்டோ, படையல் முடியும்வரை இரண்டு மணி நேரம் வெறும் வயிற்றோடு நின்றால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடும். கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளுக்கும் இன்சுலினுக்கும் இது முக்கியமாகப் பொருந்தும். டிசம்பர் 24 இரவு மகிமை மாதா திருத்தலத்தில் நள்ளிரவுத் திருப்பலிக்குச் செல்வோருக்கும், ரமலான் நோன்பு நோற்போருக்கும் இதே எச்சரிக்கை உண்டு. உணவு வேளை மாறும் நாளில் மருந்து வேளையை எப்படி மாற்றுவது என்பதைப் பண்டிகைக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நோன்பு, விரதம் இவற்றை நாங்கள் தடுப்பதில்லை. முன்கூட்டியே சொல்லுங்கள் என்றுதான் வேண்டுகிறோம்.

வியர்வை, கைநடுக்கம், படபடப்பு, தலைசுற்றல், திடீர் எரிச்சல் ஆகியவை சர்க்கரை தாழ்ந்ததன் அடையாளங்கள். இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தாலும், அளந்து பார்க்க வழியில்லாமல் இந்த அடையாளங்கள் மட்டும் தோன்றினாலும், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்கவேண்டும். பதினைந்து நிமிடத்தில் தெளிவு வராவிட்டால் மறுபடியும் குடிக்கவேண்டும். தெளிந்தபின் உணவு உண்ணவேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது; 108-ஐ அழைக்கவேண்டும்.

ஒருவேளை மாத்திரை விட்டுப்போனால், அடுத்த வேளையில் இரண்டாகச் சேர்த்து விழுங்காதீர்கள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்களுக்கான இரத்தக்கட்டித் தடுப்பு மாத்திரைகள், அட்டெனலால், மெட்டோபிரலால் வகை மாத்திரைகள், வலிப்பு நோய் மாத்திரைகள் ஆகியவற்றை ஒரு நாள்கூட நிறுத்தலாகாது. இவற்றைத் திடீரென நிறுத்துவதே தனி ஆபத்து.

இன்சுலின் பயன்படுத்துவோருக்கு ஒரு சொல். மின்சாரம் இல்லாத நாட்களில் மீனுக்கான ஐஸ் பெட்டியில் இன்சுலினை வைக்கும் எண்ணம் இயல்பாக எழும். ஐஸ்கட்டியோடு ஒட்டி வைத்தால் இன்சுலின் உறைந்துவிடும். உறைந்த இன்சுலின் உருகியபின்னும் வேலை செய்யாது, அதை எறிந்துவிடவேண்டும். ஒரு மண்பானையில் சிறிது தண்ணீர் ஊற்றி, நீர் புகாத டப்பாவில் இன்சுலினை இட்டு அதனுள் நிழலில் வைப்பது நல்ல முறை. பயன்பாட்டில் உள்ள பெரும்பாலான இன்சுலின் குப்பிகள், கடும் வெப்பம் படாத அறையில் ஏறத்தாழ நான்கு வாரம் வரை கெடாது.

விருந்தில் எதை அளந்து உண்பது?

பண்டிகை உணவை முழுவதும் விலக்குங்கள் என்று சொன்னால் எவரும் கேட்கமாட்டார்கள், சொல்லவேண்டியதும் இல்லை. எந்த நோய்க்கு எது பகை என்பதை அறிந்தால் போதும்.

சர்க்கரை நோயாளிகளிடையே ஒரு தவறான நம்பிக்கை நிலவுகிறது. வெள்ளைச் சர்க்கரைதான் கெடுதல், வெல்லம் நல்லது என்பார்கள். அதிரசத்தில் உள்ள வெல்லமும் சர்க்கரைப் பொங்கலில் உள்ள வெல்லமும் தீபாவளி லேகியத்தில் உள்ள வெல்லமும் இரத்தச் சர்க்கரையை வெள்ளைச் சர்க்கரையைப் போலவே உயர்த்தும். கரும்பும் அப்படியே. ஒரு நாளில் ஓர் இனிப்பு, அதுவும் உணவோடு சேர்த்து, அளவாக என்று வைத்துக்கொள்ளுங்கள். இனிப்பு உண்ணும் வேளையில் சோற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இரத்த அழுத்தமும் இதய பலவீனமும் உள்ளவர்கள் உப்பைக் கவனிக்கவேண்டும். ஒருவர் ஒரு நாளில் உண்ணும் உப்பு மொத்தம் 5 கிராமுக்குக் குறைவாக இருக்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. குழம்பு, பொரியல், ஊறுகாய், முறுக்கு எல்லாவற்றுக்கும் சேர்த்தே இந்த அளவு. கருவாடு நம் கரையின் உணவு. மழைநாளில் அதுவே கைகொடுக்கும். ஆனால் உப்பில் ஊறிக் காய்ந்தது அது. உண்ணும்போது, நன்றாக ஊறவைத்து இரண்டு மூன்று முறை நீர் மாற்றிக் கழுவி, குழம்பில் தனியாக உப்பிடாமல் சமையுங்கள். இதய பலவீனம் உள்ளவர்கள் காலையில் எழுந்ததும் எடை பார்க்கும் வழக்கத்தைப் பண்டிகை வாரத்திலும் விடக்கூடாது. மூன்று நாட்களில் இரண்டு கிலோ கூடினால், அது உடலில் நீர் தேங்குவதன் அடையாளம், உடனே வாருங்கள்.

சிறுநீரக நோயாளிகளுக்கு, முக்கியமாக டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கு, பொங்கல் விழாவில் வேறொரு கவலை உண்டு. இளநீர், வாழைப்பழம், சர்க்கரைவள்ளிக்கிழங்கு ஆகியவற்றில் பொட்டாசியம் மிகுதி. இயங்காத சிறுநீரகம் அதை வெளியேற்றாது. இரத்தத்தில் பொட்டாசியம் கூடினால் இதயத் துடிப்பு நிலைகுலையும். சோடியம் குறைந்த உப்பு என்று விற்கப்படுபவற்றிலும் சோடியத்துக்கு மாற்றாகப் பொட்டாசியம் சேர்க்கப்படுவதுண்டு, கேளாமல் வாங்காதீர்கள். பண்டிகைக்காக டயாலிசிஸ் முறையை ஒருபோதும் தவறவிடாதீர்கள். நாள் மாற்றவேண்டுமானால் முன்னதாகச் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள்.

இறாலும் நண்டும் விருந்தின் சிறப்பு. யூரிக் அமிலம் கூடி மூட்டு வீங்கும் நோய் உள்ளவர்கள் அவற்றையும் மத்தியையும் குறைத்துக்கொள்வது நல்லது. மற்றவர்கள் எண்ணெயில் பொரிக்காமல் குழம்பாக உண்ணலாம்.

மது பற்றியும் சொல்லியாக வேண்டும். பண்டிகை நாளில் அளவுமீறிக் குடித்தவர்களுக்கு, முன்பு இதய நோய் இல்லாதபோதும், இதயத் துடிப்பு தாறுமாறாவதை 1978-லேயே மருத்துவர்கள் விவரித்து, ‘விடுமுறை இதயம்’ என்று அதற்குப் பெயரிட்டார்கள். இன்சுலின் போட்டுக்கொள்பவர் வெறும் வயிற்றில் குடித்தால் சர்க்கரை தாழ்ந்து மயங்கிவிழக்கூடும். அருகிலிருப்போர் அதைப் போதை என்று எண்ணி விட்டுவிடுவார்கள். உயிர்கள் அப்படியும் போயிருக்கின்றன.

உழைப்பு, உறக்கம், வலி மாத்திரை

பண்டிகைக்கு முந்தைய இரண்டு நாட்கள் அடுப்படியில் நின்று, வீடு கழுவி, மீன் கூடையும் சுமந்த பெண்களுக்கு முதுகும் முழங்காலும் நோவது இயல்பு. அப்போது கடையில் வாங்கும் டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரைகள் இரத்த அழுத்தத்தை உயர்த்தும், சிறுநீரகத்தைப் பாதிக்கும், வயிற்றில் புண்ணை உண்டாக்கும். சளிக்காக வாங்கும் சில மாத்திரைகளும் இரத்த அழுத்தத்தைக் கூட்டும். உங்களுக்கு அழுத்தமோ சர்க்கரையோ சிறுநீரகக் குறையோ இருப்பின், மருத்துவரைக் கேட்டபின்னரே வலி மாத்திரை உட்கொள்ளுங்கள். வெந்நீர் ஒத்தடமும் ஒரு மணி நேரப் படுக்கையும் பல வலிகளுக்குப் போதுமானவை.

உறக்கம் சோம்பலின் அடையாளமன்று, அதுவும் மருந்தே. தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கும் குறைவாக உறங்கினால் சர்க்கரையும் அழுத்தமும் கட்டுக்குள் நிற்பது கடினம். எல்லாப் பலகாரத்தையும் ஒரே இரவில் செய்யாமல் நாளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முறுக்கை வெளியில் வாங்கினால் குடும்பத்தின் மானம் போய்விடாது.

ஆண்மக்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். கடலுக்குச் செல்ல இயலாத நாட்களில் வலை பழுதுபார்ப்பது போக நேரம் இருக்கும். படுத்திருக்கும் தாயாருக்கு மாத்திரை கொடுப்பது, அவரைப் புரட்டிப் படுக்கவைப்பது, துணி துவைப்பது ஆகியவற்றைக் கேட்காமலே ஏற்றுக்கொள்ளுங்கள். படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டாவிட்டால் படுக்கைப் புண் உண்டாகும். விருந்தினர் நிறைந்த வீட்டில் இது எளிதில் மறந்துபோகும். யார் எந்த வேளையில் புரட்டுவது என்று முன்னதாகவே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏரியும் கால்களும், பட்டாசும் புகையும்

பண்டிகைச் செலவுக்குப் பணம் வேண்டி, ஏரியில் இறங்கிக் கையால் இறால் தடவும் பெண்கள் கூடுதல் நேரம் நீரில் நிற்கிறார்கள். சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சிப்பி கிழித்ததுகூடத் தெரியாது. ஏரியின் உவர்நீரில் வாழும் சில பாக்டீரியாக்கள் காயத்தின் வழியே புகுந்தால், கல்லீரல் நோயும் சர்க்கரை நோயும் உள்ளவர்களுக்கு ஒரு நாளுக்குள் உயிருக்கே ஆபத்தாகலாம். காயத்தோடு நீரில் இறங்காதீர்கள். கரையேறியதும் நல்ல தண்ணீரில் கால் கழுவித் துடைத்து, விரல் இடுக்குகளைப் பாருங்கள். கண் மங்கியவருக்குப் பேரப்பிள்ளை பார்த்துச் சொல்லட்டும். காயம் சிவந்து, வீங்கி, கொப்புளித்து, காய்ச்சலும் வந்தால் விடியும்வரை காத்திருக்கவேண்டாம்.

ஆஸ்துமா உள்ளவர்கள் தீபாவளிப் பட்டாசுப் புகையிலிருந்தும் போகிப் புகையிலிருந்தும் விலகியிருக்கவேண்டும். அன்று இன்ஹேலர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். பழைய பாய், துணி, பிளாஸ்டிக், நைலான் வலைத் துண்டுகள் ஆகியவற்றைக் கொளுத்தாதீர்கள். தீக்காயம் பட்டால் ஓடும் நீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். பற்பசை, மை, மாவு எதையும் தடவாதீர்கள்.

மனத்தின் சுமை

எல்லா வீடுகளிலும் பண்டிகை மகிழ்ச்சியோடு வருவதில்லை. தலைதீபாவளிச் சீர் செய்யக் கடன் வாங்கியவர் இருக்கிறார். சிகிச்சைச் செலவால் இவ்வாண்டு புத்தாடை எடுக்காதவர் இருக்கிறார். அவர்களுக்கு நாங்கள் சொல்வது இதுதான்: நோயுள்ள வீட்டில் பண்டிகையைச் சுருக்கிக்கொள்வது குறையாகாது. ‘இந்த ஆண்டு எங்களால் இவ்வளவுதான் முடியும்’ என்பதைச் சம்பந்தி வீட்டாரிடமும் உறவினரிடமும் முன்னதாகச் சொல்லிவிட்டால், பிறகு மனம் புழுங்கவேண்டியதில்லை. மருந்துக்கான பணத்தைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மீதியில் பண்டிகையை நடத்துங்கள்.

நம் கரைக்கு வேறொரு துயரமும் உண்டு. 2004 டிசம்பர் 26 காலை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், சுனாமி வந்தது. தமிழகக் கடற்கரை முழுவதிலுமாக ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். ஊரெங்கும் நட்சத்திர விளக்குகள் எரியும் அதே வாரத்தில் சிலர் இறந்தோரை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அண்மையில் கணவரையோ பிள்ளையையோ இழந்த வீடுகளிலும் முதல் பண்டிகை கொடியது. துக்கம் நேர்ந்த ஆண்டில் பண்டிகை கொண்டாடாமல் விடும் நம் வழக்கம், அழுவதற்கு ஓர் இடம் தருகிறது. அந்த வீட்டைத் தனியே விட்டுவிட அது காரணமாகிவிடக் கூடாது. ஒருவேளை உணவோடு போய், இறந்தவரின் பெயரைச் சொல்லி, சிறிது நேரம் உட்கார்ந்து வாருங்கள். ‘நடந்ததை மறந்துவிடு’ என்று சொல்லாதீர்கள்.

இரண்டு வாரங்களுக்கு மேலாக உறக்கமின்மை, பசியின்மை, எதிலும் பிடிப்பின்மை தொடர்ந்தாலோ, வாழ்வதில் பயனில்லை என்ற எண்ணம் ஒருமுறை தோன்றினாலோ, அதையும் ஒரு நோயாகவே கொண்டு எங்களிடம் சொல்லுங்கள். 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே மனநல ஆலோசனை பெறலாம்.

வார்டில் பண்டிகை

பண்டிகை நாளை மருத்துவமனையில் கழிக்க நேர்ந்தவர்களுக்கும், அவர்கள் கட்டிலருகே பாயில் படுத்திருப்பவர்களுக்கும் சில சொற்கள். ஊரே விளக்கேற்றும் இரவில் வார்டின் ஜன்னல் வழியே பட்டாசு ஒலியைக் கேட்டிருப்பது எளிதன்று. அன்று பணியிலிருக்கும் செவிலியரும் தம் வீட்டை விட்டுவந்தவரே. அவரிடம் பேசத் தயங்கவேண்டாம்.

வீட்டிலிருந்து பலகாரம் கொண்டுவருவோர், நோயாளிக்குக் கொடுக்குமுன் செவிலியரைக் கேளுங்கள். அறுவைச் சிகிச்சைக்கு முன் வெறும் வயிற்றில் இருக்கவேண்டியவருக்கு ஒரு வாய் பாயசமும் ஆபத்தாகலாம். பக்கவாதம் வந்தவருக்கு முறுக்குத் துண்டு மூச்சுக்குழலில் சிக்கலாம். சளி, காய்ச்சல் உள்ளவர்கள் பார்க்க வரவேண்டாம். தொலைபேசியில் பேசினால் போதும். பத்துப் பேர் ஒன்றாக வருவதைவிட, ஒருவர் வந்து உடனிருப்பவரிடம் ‘நீங்கள் வீட்டுக்குப் போய்க் குளித்து, நான்கு மணி நேரம் உறங்கி வாருங்கள், அதுவரை நான் இருக்கிறேன்’ என்று சொன்னால் அதுவே பெரிய பண்டிகைப் பரிசு.

உடனிருப்போரே, உங்கள் மாத்திரைகளையும் கொண்டுவாருங்கள். நோயாளியின் மாத்திரை வேளையையே உங்கள் மாத்திரை வேளையாகவும் கொள்ளுங்கள். இரத்த அழுத்தம் பார்க்கும்போது உங்களுக்கும் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்; அதில் கூச்சத்துக்கு இடமில்லை.

காத்திருக்கக் கூடாத அடையாளங்கள்

எந்தப் பண்டிகையானாலும், எந்த நேரமானாலும், கீழ்க்கண்டவை தோன்றினால் உடனே 108-ஐ அழையுங்கள்:

• நெஞ்சில் அழுத்தம் அல்லது வலி, அது இடது கை, தாடை, முதுகு நோக்கிப் பரவுதல், வியர்வையோடு மூச்சுத்திணறல். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியே இல்லாமல் களைப்பும் குமட்டலுமாக மாரடைப்பு வரக்கூடும். அதை ‘வாயு’ என்றோ ‘பலகாரம் சேரவில்லை’ என்றோ ஒதுக்காதீர்கள்.

• முகம் ஒருபக்கம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறல். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பக்கவாதம் தொடங்கிய நான்கரை மணி நேரத்துக்குள் போடவேண்டும். எனவே தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

• இன்ஹேலருக்கும் அடங்காத இளைப்பு.

• நினைவிழப்பு, வலிப்பு.

தொலைவில் உள்ள குப்பத்தினர் ஒன்றை அறிந்திருக்கவேண்டும். 2023-ல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்கீழ், மாரடைப்பு அறிகுறியோடு வருவோருக்கு முதல்கட்ட மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுக்கப்பட்டு, பின்னர் மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படுகின்றனர். ஆகையால் பெரிய மருத்துவமனைக்கு வண்டி தேடி நேரத்தைக் கழிக்காமல், அருகிலுள்ள நிலையத்துக்கு முதலில் செல்லுங்கள்.

வீட்டுச் சுவரில் ஒட்டிவைக்க

1. பண்டிகைக்குப் பத்து நாட்கள் முன்பே எல்லோருடைய மருந்தும் வாங்கியாயிற்றா?
2. உணவு வேளை மாறும் நாளுக்கான மருந்து வேளையைக் கேட்டாயிற்றா?
3. நோயாளியைக் கவனிக்கும் முறையை வீட்டார் பங்கிட்டுக்கொண்டாயிற்றா?
4. கவனிப்பவர் இன்று தம் மாத்திரையை உட்கொண்டாரா? இரவு எத்தனை மணிக்குப் படுத்தார்?
5. 108, 14416 ஆகிய எண்கள் எல்லோருடைய தொலைபேசியிலும் உள்ளனவா?

நாம் முதலில் எண்ணிப் பார்த்த வீட்டுக்கே திரும்புவோம். அந்தத் தாய் இவ்வாண்டு அதிரசத்தை மூன்று நாள் முன்னதாகவே சுட்டுவிடலாம். மாமியாருக்கு இரவு மாத்திரை கொடுக்கும் பொறுப்பை மகன் ஏற்கலாம். தலைதீபாவளிக்கு வந்த மகள், மருமகனுக்கு இலை போடுமுன், ‘அம்மா, மாத்திரை போட்டாச்சா?’ என்று கேட்கலாம். அந்த ஒரு கேள்வி ஒவ்வொரு பண்டிகையிலும் ஒவ்வொரு வீட்டிலும் கேட்கப்படவேண்டும் என்பதே எங்கள் விருப்பம். உங்கள் அனைவருக்கும் எங்கள் பண்டிகை வாழ்த்துகள்.